பெலிக்ஸ் சார் லைனில் இருக்கிறார்

சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுகிற அளவுக்கு இருக்கிறது, ஆனால் இப்போதே கேட்கக் கூடாது, பெலிக்ஸ் சார் இன்னும் போனையே எடுக்கவில்லை. போன் என் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, வியர்வையில் வழுக்குகிறது, பிடித்து வைத்த தவளை மாதிரி. மூன்றாவது மணி, நாலாவது மணி. பெரிய இன்ஜினியர்கள் முதல் மணியில் எடுக்க மாட்டார்கள், மதிப்புப் போய்விடும். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இந்தப் பக்கம் பிரிண்ட் ரூமில், ஃபிளக்ஸ் ரோல்களுக்கு நடுவில், நான் குத்துக்காலிட்டுக் காத்திருக்கிறேன். பத்தடி தூரம். மதுரையில் இருக்கிற பெலிக்ஸ் சாருக்கும் அருப்புக்கோட்டையில் இருக்கிற எங்கள் பேனர் கடை குரு டிஜிட்டல்ஸுக்கும் நடுவில் உள்ள தூரம் இன்றைக்கு இவ்வளவுதான். புதன்கிழமை மதுரையில் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அப்பா தன் போனை என்னிடம் நீட்டி, கடைக்காரப் பையன் நம்பரைப் போட்டு வைடா என்றார், பில்லில் இருக்கிற பொடி எழுத்து அவருக்குப் பிடிபடாது, அவர் போனில் உள்ள எல்லா நம்பரும் நான் போட்டதுதான், நானும் போட்டுவைத்தேன், பெலிக்ஸ் இன்ஜினியர் என்று அழகாகப் பெயர் அடித்து, அதற்குக் கீழே என்னுடைய பழைய ஓட்டை போனின் நம்பரை. எதற்கு என்று அப்போது தெரியாது. விதை போட்டு வைத்தால் எப்போதாவது முளைக்கும், அவ்வளவுதான் என் கொள்கை. இதோ முளைத்துவிட்டது, ஆனால் முளைத்த இடம் இப்படி நாறும் என்று யார் கண்டது, மை கழுவுகிற திரவத்தின் நெடி, தொண்டையில் இனிப்பாக இறங்கி அடிநாக்கில் கசக்கிற நெடி, கழிவு மை சேர்கிற கேனில் எல்லா நிறமும் கலந்து வயிற்றுப்போக்கு நிறத்தில் ஒரு திரவம், ரோல்களுக்கு அடியில் எலிப்புழுக்கை. எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டிருக்கிறேன், என் குரல் அந்தப் பக்கம் போகாமலிருக்க. அது காற்றை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக என் முகத்தில் திருப்பித் துப்புகிறது.

ஹலோ, என்றேன். என்றார் பெலிக்ஸ் சார். பெலிக்ஸுக்கு மூக்கில் ஒரு அடைப்பு உண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சளியை உள்ளே இழுப்பான், முடிவில் ஓக்கேவா என்று ஒரு முத்திரை குத்துவான். கடையில் பத்து நிமிடம்தான் பார்த்தேன், ஒரு குரலைப் பிடிக்கப் பத்து நிமிடம் எனக்கு ஜாஸ்தி. எங்கள் ஹெட்மாஸ்டரை இரண்டு நிமிடத்தில் பிடித்தேன், வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் போடுகிற அக்காவை ஒரே ஒரு இருமலில். சளியை இழுத்தேன், உண்மையாகவே கொஞ்சம் வந்துவிட்டது, சீ, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயில் வைத்துக்கொண்டே யாரு என்று கேட்டேன். அப்பா எழுந்து நின்றுவிட்டார். தடுப்பில் ஆணி பெயர்ந்த இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், போனில் பேசுவதற்கு எழுந்து நிற்கிறார், சார், வணக்கம் சார், குரு டிஜிட்டல்ஸ் சார், புதன்கிழமை வந்தேனே சார், உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது சார். நாற்பத்தெட்டு வயது. பெலிக்ஸுக்கு இருபத்தைந்து இருந்தால் அதிகம். இத்தனை சார் எங்கே வைத்திருந்தார்? வீட்டில் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, குனிந்த குரல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற குரல், எச்சிலில் ஊறின மாதிரி. இதையும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று உடனே தோன்றியது, டியூஷனில் நடித்துக் காட்ட, முதலில் பெலிக்ஸ், அப்புறம் இது, மாறி மாறி. புது கார்டை மாட்டினேன் சார், வீடியோ பார்த்து நானே மாட்டினேன், ஃபேன் ஓடுது, கீபோர்டுல லைட் எரியுது, திரையில மட்டும் ஒண்ணும் வரல. தெரியும். காலை பத்து மணியிலிருந்து எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஓட்டை இருக்கிறது, மேலே நிமிர்ந்த பழைய ஓட்டை, கீழே புது கார்டில் படுத்த ஓட்டை, புது கார்டு போட்டால் மானிட்டர் ஒயரைக் கீழே குத்த வேண்டும், அப்பா பழக்கத்தில் மேலேயே தடவிக் குத்திவிட்டார். அரை நிமிட வேலை. பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன், சாப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக இங்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னும் சிரிப்பு வரவில்லையே என்றால், பொறுக்க வேண்டும், அது அந்தக் கடைசி நிமிடத்தில் இருக்கிறது, ஒயரை மாற்றுங்கண்ணே என்று பெலிக்ஸ் சொல்ல, படம் பளிச்சென்று வர, சார் நீங்க தெய்வம் சார் என்று அப்பா கும்பிட, நான் தடுப்பைத் தள்ளிக்கொண்டு பெலிக்ஸ் குரலிலேயே உள்ளே நுழைய, அங்கே.

கார்டே தேவையில்லை என்பது அம்மாவின் கட்சி. நாலு மாதமாக வீட்டில் இதே பேச்சு. எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு, மிஷின் பழசாயிருச்சு என்பார் அப்பா. மிஷினுக்கு ஒண்ணும் இல்ல, கண்ணைக் காட்டுங்க, மதுரைக்குப் போங்க என்பாள் அம்மா. கார்டை மாத்துனா எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும் பாரு என்பார் இவர். மாத்தியும் தெரியலைன்னா, என்பாள் அவள். அதற்கு இவர் தட்டில் கை கழுவுவார். அதுதான் பந்தயம், மிஷினா கண்ணா, தெருவில் கேட்டால் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் பங்குனிப் பொங்கல் பேனரில் வானம் பூராவும் சாம்பல் நிறத்தில் சாம்பிள் சாம்பிள் சாம்பிள் என்று குறுக்கே ஓடியதை அடித்துத் தொங்கவிட்டவர் இவர்தான். காசு கொடுக்காமல் இறக்கிய படம், அழிக்க வேண்டிய எழுத்து, அவர் கண்ணுக்கு அது மேகம். ஒரு வாரம் தெரு முக்கில் தொங்கியது. ஒன்றியச் செயலாளருடைய தலையை ஸ்டாக் படங்களில் இருக்கிற கோட்டுப் போட்ட உடம்பில் ஒட்டும்போது கழுத்தைக் காணோம், தலை நேராகத் தோளில் உட்கார்ந்து தவளைமாதிரி சிரித்தது. நான் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அப்பா மூக்கைத் திரையில் தேய்த்துக்கொண்டு மோப்பம் பிடிக்கிற மாதிரி மவுஸை நகர்த்துவதைச் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் செய்து காட்டினேன், முப்பது பேர், பந்தியில் பாயசம் மூக்கில் ஏறிச் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார், அப்பாதான் முதலில் சிரித்தார். மிஷினைக் கழற்றுங்கண்ணே என்றார் பெலிக்ஸ் சார். பெட்டியத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க, ஓக்கேவா.

திறந்தார். அங்கே முக்காலியில் உட்கார்ந்திருந்த சோலையப்பன் எழுந்து வந்து எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். சோலையப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காது குத்து, பேனரில் நாற்பத்திரண்டு தலை வேண்டும், தாய்மாமன் தலை எல்லாத் தலையையும்விடப் பெரிதாக வேண்டும், ஆனால் தன் தலையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. காலையிலிருந்து இதை அவர் நாலு தடவை சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் ஒரு வெற்றிலைத் துணுக்கு கீபோர்டில் விழுந்தது. பெட்டிக்குள் இருந்ததை இங்கிருந்தே பார்க்க முடிந்தது, காலையிலேயே பார்த்ததுதான், தூசி என்று சொல்லக் கூடாது அதை, ஈரக் கம்பளி மாதிரி, செத்த எலித்தோல் மாதிரி ஒரு படலம், ஃபேன் இறக்கையெல்லாம் மயிர், ஒரு கரப்பான் இறகு, மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு, கல்யாணப் பந்தியில் கொட்டிய சோற்றைப்போல ஒட்டிக்கொண்டு. அப்பா உதட்டைக் குவித்து ஊதினார். முழுப் படலமும் எழும்பி அவர் முகத்திலேயே அடித்தது, வாய்க்குள் போனது, அவர் இருமி, துப்ப இடமில்லாமல் வேட்டி நுனியில் துப்பித் துடைத்துக்கொண்டு, சுத்தம் பண்ணிட்டேன் சார் என்றார். இதுக்குப் பேருதான் கம்ப்யூட்டரா, நம்ம வீட்டுக் கோழிக்கூடு தேவலை என்றார் சோலையப்பன். சூடு ஏறியிருக்கும் குரு, ஒரு ஈரத்துணியப் போடு. ஈரத்துணி என்பது போனில் கேட்டுவிட்டதாக பெலிக்ஸ் சார் பதறினார், நான் பதறவில்லை, பெலிக்ஸ்தான், அது யாருண்ணே பக்கத்துல, அவரை முதல்ல வெளியே அனுப்புங்க. இது என் கலை. ஒரு குரலைப் போட்டுக்கொண்டால் அந்த ஆளுக்குக் கோபம் வரும் இடத்தில் எனக்கும் கோபம் வந்துவிடும். சோலையப்பன் முனகிக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடந்தார். இருக்கிற ஒரு தலையை இறக்கிவிட்டாச்சு, மிச்சம் நாற்பத்தொண்ணு.

இப்போ ஆன் பண்ணுங்க என்றேன். அப்பா சுவிட்சைத் தடவினார். ஃபேன் கிர்ரென்றது. மானிட்டர் கறுப்பு. அப்புறம் எல்லா மானிட்டரும் ஒயரில் படம் வராவிட்டால் என்ன செய்யுமோ அதைச் செய்தது, ஒரு நீலப்பெட்டி, அதற்குள் வெள்ளையில் சிக்னல் இல்லை என்று ஆங்கில எழுத்து, தொட்டிமீன் மாதிரி மெதுவாக ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நீந்தத் தொடங்கியது. இங்கிருந்து தெரிகிறது. பத்தடி, நடுவில் தடுப்பு, விரல் அகல இடுக்கு, எனக்கு எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. அப்பா திரைக்கு ஓரடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெலிக்ஸ் சார் கேட்டார், திரையில என்ன எழுதியிருக்குன்னு படிங்கண்ணே. படிக்கத் தடுமாறுவார், ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், சிக், சிக்னா என்று இழுப்பார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். "ஒண்ணும் எழுதலையே சார். சுத்தக் கறுப்பா இருக்கு." நல்லாப் பாருங்க என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், குனிந்தார், மூக்குத் திரையைத் தொட்டது, நான் செய்து காட்டுவேனே, அதே மாதிரி அச்சு அசலாக, நீலப்பெட்டி அவர் மூக்குக்குப் பக்கத்திலேயே போய், நெற்றியைக் கடந்து, காதோரமாக மேலே ஏறிப்போனது. "ஒண்ணும் இல்ல சார்." சிரிப்பு எங்கேயோ தொண்டையில் இருந்தது, சளிக்குப் பின்னால், அங்கேயே நின்றுவிட்டது. விளையாடுகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்பாவுக்கு விளையாடத் தெரியாது. நீலம் நடுவுக்கு வந்தது, எனக்கு ஏனோ அதன் மேல் ஆத்திரம் வந்தது, இவ்வளவு பெரிசா, இவ்வளவு கிட்டத்துல, இதைக்கூடவா.

சார், ஒண்ணு கேக்கலாமா, என்றார் அப்பா. உட்கார்ந்துவிட்டிருந்தார். குரலில் குனிவு இல்லை, அது எப்போது போனது என்று கவனிக்கவில்லை. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா உங்களுக்கு. இல்லண்ணே, சொல்லுங்க. படம் உண்மையிலேயே வரலையா, இல்ல, வந்து எனக்குத்தான் தெரியலையா, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கார்த்திகையில இருந்து இடது கண்ணு இல்ல சார் எனக்கு, என்றார், பல் ஒன்று ஆடுகிறது என்பதுபோல. துணி போட்டு மூடின மாதிரி. வலது கண்ணுல நடுவுல ஒரு கறை, பாக்குற இடத்துல எல்லாம் அது முன்னாடி போய் நிக்குது, ஓரத்துலதான் தெரியும், தலையத் திருப்பித் திருப்பி ஓரத்தை வச்சே ஓட்டிக்கிட்டிருக்கேன். எலிப்புழுக்கைகளைப் பார்த்துக்கொண்டு டாக்டர்ட்டப் போனீங்களா என்று கேட்டேன், பெலிக்ஸ் குரலில்தான், சளியை இழுத்து, அந்தச் சளி இழுப்பு எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே காதில் விழுந்தது. "போனா சொல்லிருவாங்கல்ல சார்." வீட்ல சொன்னீங்களா? ஃபேன் என் முகத்தில் துப்பிக்கொண்டே இருந்தது. வீட்ல பையன் ஒருத்தன் இருக்கான் சார் என்றார் அப்பா. நல்ல பையன். யாரைப் பாத்தாலும் அப்படியே செஞ்சு காட்டுவான். நான் குனிஞ்சு பாக்குறதை ஒருநாள் செஞ்சான், நானே சிரிச்சேன், அவ்வளவு தத்ரூபம். நாளைக்குச் சுவத்தைத் தடவி நடக்குற காலம் வந்தா அதையும் செய்வான். "அதுல ஒண்ணும் தப்பில்ல சார். ஆனா அதை நான் பாக்க முடியாதே, அதான் கொஞ்சம் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

சுவரைத் தடவி நடக்கிற அப்பா அதற்குள் என் கைகளுக்கு வந்துவிட்டார், அதுதான் ஆபாசம், நான் கூப்பிடவில்லை, விரல்கள் தானாக விரிகின்றன, தலை ஒரு பக்கம் சாய்கிறது, பாதம் தரையைத் தேய்த்துத் தேடுகிறது, ஒரு நொடியில் பிடித்துவிட்டேன், கச்சிதம், கையை இடுக்கில் வைத்து நசுக்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒயரைக் கீழே மாத்துங்கண்ணே. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயில் இருக்கிறது. சொன்னால் படம் வரும், நாற்பத்திரண்டு தலையும் புது கார்டில் பளபளவென்று வந்து நிற்கும், வந்தால் அப்பா பார்ப்பார், பார்த்தால், மாத்தியும் தெரியலைன்னா. அம்மா கேட்ட கேள்வி. தட்டில் கழுவிய கை. கறுப்பாக இருக்கிறவரைக்கும் அது மிஷின். ஒயர் மேல் ஓட்டையில் இருக்கிறவரைக்கும் அப்பாவுக்குக் கண் இருக்கிறது. படம் வராத மானிட்டரில் எல்லாரும் குருடுதானே, நானும்கூட, ஆனால் அந்த நீலப்பெட்டி, அந்த எழவெடுத்த நீலப்பெட்டி ஓயாமல் நீந்துகிறதே. ரேமைக் கழற்றுங்கண்ணே என்றேன். அந்தப் பச்சைப் பட்டையை வெளியே எடுத்து, அடியில மஞ்சளாப் பல் மாதிரி இருக்கும், ரப்பர் வச்சுத் தேய்ங்க. தேய்த்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தூசியை ஒற்றி எடுத்தார், அதே நாக்கு, அதே தூசி. இன்னும் தேய்ங்க. திருப்பி மாட்டித் தட்டுங்க. கறுப்பு. பேட்டரிய எடுத்துட்டு நூறு எண்ணுங்க. எண்ணினார், உரக்க, ஒண்ணு ரெண்டு என்று, நான் இந்தப் பக்கம் சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன் உதட்டுக்குள், நூறு வரக் கூடாது, நூற்றுக்கு அப்புறம் என்ன சொல்வேன், தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. கறுப்பு. ஆற விடுங்கண்ணே, ரெண்டு மணி நேரம் ஆறட்டும். சாயங்காலம் பாக்கலாம். நாளைக்கு வர்றேன், நானே நேர்ல வர்றேன், தொடாதீங்க, யாரையும் தொட விடாதீங்க. என் காதுக்கே பெலிக்ஸ் சாயம் போய்க்கொண்டிருந்தார், மூக்கடைப்பு இருந்தது, ஆனால் அதற்கு அடியில் வேறெதுவோ உடைந்து உடைந்து வந்தது.

அப்ப இது கண்ணு இல்லைங்கிறீங்க, என்றார் அப்பா. இல்லண்ணே. அடிச்சுச் சொல்றீங்களா சார்? இடுக்கு வழியாக அவர் பக்கவாட்டு முகம், தூசி அப்பிய மீசை, திரையைப் பார்க்காமல் அதன் ஓரத்துக்குச் சற்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், நாலு மாதமாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், என்னையும் இப்படித்தான், என் காதுக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி. ஏதோ யோசனை என்று நினைத்திருந்தேன். அதையும் செய்து காட்டியிருக்கிறேன், யோசனையிலிருக்கும் அப்பா என்று தலைப்புப் போட்டு. "மிஷின்தான்" என்றேன். "மிஷின்தான் போச்சு. கண்ணுல ஒண்ணும் இல்ல. நூறு தடவ சொல்றேன், உங்க கண்ணுல ஒண்ணுமே இல்ல." ஓக்கேவா சொல்ல மறந்துவிட்டேன். சளி இழுக்க மறந்துவிட்டேன். மதுரையில் ஒரு கடையில் கார்டு விற்கிற எவன் இப்படிச் சொல்வான், எந்த பெலிக்ஸ் ஒரு வாடிக்கைக்காரனின் கண்ணுக்காக நூறு தடவை சத்தியம் செய்வான். போன் என் கன்னத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, மாவு ஒட்டின மாதிரி, பிய்த்தெடுக்கத் தைரியமில்லை. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்தார். வைக்கவில்லை, லைனை வெட்டவில்லை, மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு நாற்காலியைத் தடுப்பின் பக்கமாகத் திருப்பினார். முகம் நேராக என்னைப் பார்த்து இல்லை, கொஞ்சம் தள்ளி, மை கேன் இருக்கிற திசையில். சத்தம் போடவில்லை. வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினார், ஒரு காதில் போன் வழியாகவும் இன்னொரு காதில் இடுக்கு வழியாகவும் வந்தது.

"நவநீ, அந்த நெடிக்குள்ள உக்காராத, வெளிய வா. நான் தடவிக் குத்தின ஒயர், தப்பான ஓட்டையிலதான் இருக்கும், வந்து சரியான ஓட்டையில குத்து. படம் வரட்டும்டா. எனக்கு எவ்வளவு தெரியுதோ, அவ்வளவு தெரியட்டும்."